முரடன்

பெண்டில் ஹில் ஸ்டேஷனுக்குப் பின்புறம்
டயர்க் கடைக்கும் மாவு மில்லுக்கும் நடுவில்
நான் எழுத்து வெட்டுகிறேன்.
வினைல் உருளை, வெட்டும் இயந்திரம், ஒரு சாமணம்.
கணினியில் நானூறு எழுத்துருக்கள் கிடக்கின்றன.
வருகிறவர்கள் கேட்பது ஒன்றைத்தான்.

கோப்பில் அதற்கு வேறு ஏதோ பெயர்.
நாங்கள் வைத்தது முரடன்.

வாலில்லை, குஞ்சமில்லை,
கோடு தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும்
ஒரே தடிப்பு.
வளைய வேண்டிய இடத்தில்
சந்துக்குள் லாரி திரும்புவதுபோல் வளையும்.
'ழ'வின் காலைக்கூட நீட்ட விடாது,
முழங்காலோடு மடக்கி உள்ளே வைத்துக்கொள்ளும்.
புள்ளி ஒவ்வொன்றும் கேரம் காய்.

ஹைவேயில் எழுபதில் போகிறவன்
பிரேக்கைத் தொடாமல் படித்துவிட வேண்டும்.
அது ஒன்றுதான் இதன் ஒழுக்கம்.
இறால் வந்துவிட்டது.
கடை மாறிவிட்டது.
நாய் உண்டு.
ஒரு புடவைக் கடைக்குத் திறப்புவிழாவும் நானே வெட்டினேன்,
பதினான்கு மாதம் கழித்து
'எல்லாம் பாதி விலை'யும் நானே.
இரண்டுக்கும் ஒரே முகம் காட்டியது,
வெட்கப்படத் தெரியாதது.

பத்தி எழுதக் கொடுத்தால்
நாலாம் வரியில் மூச்சு முட்டும்.
கல்யாண அட்டையில் போட்டால்
மாப்பிள்ளை பெண்ணை மிரட்டுவதுபோல் இருக்கும்.
மரண அறிவித்தலுக்கும் ஒருமுறை கேட்டார்கள்.
மறுத்துவிட்டேன்.
செத்தவர் சத்தமாகப் பேசாதவர், எனக்குத் தெரியும்.

தை மாதம், நாற்பத்தொரு டிகிரி வெயிலில்
கேதீஸ்வரன் வந்தார்.
மூன்று மீட்டர் பேனர், ஒரே சொல்:
மன்னிச்சுக்கொள்.

அண்ணை, இந்தச் சொல்லுக்கு இந்த எழுத்து சரிவராது.
மெல்லிசா ஒண்டு இருக்கு, கொஞ்சம் சாய்ஞ்சது,
காட்டட்டா?

அவர் திரையைப் பார்க்கவில்லை.
மெல்லிசாப் பதினொரு வருசம் சொல்லிப்போட்டன் பிள்ளை.
கேக்கேல்லை.

என்ன செய்தீர்கள் என்று கேட்பது என் வேலையில்லை.
என்ன நிறம் என்று கேட்டேன்.
மஞ்சளில் கறுப்பு என்றார்,
வீதி தோண்டுகிறவர்கள் கேட்கும் நிறம்.

இரவு பத்துவரை சாமணத்தோடு இருந்தேன்.
எழுத்துகளுக்கு உள்ளே இருப்பதைக் கிள்ளி எடுக்க வேண்டும்,
'ன'வின் சுழிக்குள் ஒன்று,
கொம்புக்குள் ஒன்று, 'க'வின் வயிற்றில் ஒன்று,
புளியங்கொட்டை அளவு கறுப்புத் துண்டுகள்.
எவ்வளவு தடித்தாலும் அந்த ஓட்டை
அடைபடக் கூடாது.
அடைபட்டால் எழுத்தில்லை, கரி.

வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரிக்கு எதிரே
கம்பி வேலியில் கட்டினாராம்,
இரவு ஷிப்ட் முடிந்து அவள் வரும் பக்கம்.
ஏழு இருபதுக்கு கவுன்சில் ஆள் அவிழ்த்துக்கொண்டு போனான்.
மலிவு விற்பனை என்று நினைத்திருப்பான், பாவம்.
அதற்குள் படித்த டாக்ஸிக்காரர் ஒருவர்
மீட்டரைப் போடாமல் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு
மகனுக்குப் போன் எடுத்தாராம்.
சமோசா வாங்க வந்தபோது மில்காரரிடம் அவரே சொன்னது.

வியாழக்கிழமை ஒரு பெண் வந்தாள்.
நர்சுச் சப்பாத்து. பெயர் சொல்லவில்லை.
போனில் படத்தைக் காட்டி,
இது உங்கட எழுத்தோ?
ஓம்.
புள்ளி கொஞ்சம் பெரிசு.
பெரிசுதான்.

பிறகு சின்ன அளவு என்ன விலை என்றாள்,
தபால்பெட்டியில் ஒட்டுகிற அளவு.
சொல்லை எழுதித் தாங்கோ என்று தாளை நீட்டினேன்.
பேனாவைத் திறந்தபடி நின்றாள்.
பக்கத்தில் மாவு மில் ஓடத் தொடங்கியது,
மேசை அதிர்ந்தது, பேனாவை மூடினாள்.
நாளைக்கு வாறன்.

இன்று ஞாயிறு.
தாள் மேசையிலேயே இருக்கிறது.
சட்டையைத் துவைக்கப் போட்டபோது பார்த்தேன்,
கொம்புக்குள் இருந்த துண்டு
முழங்கையில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது.